வரும்போது இடுகிற சிலுவை

அக்கா,

பார்சல் நேற்று மத்தியானம் வந்தது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வெளிநாடுங்களா? சிஸ்டர் அனுப்பியிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். நீ மண்ணுக்குள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது என்பதை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் வாசனைதான் முதலில் வந்தது. லீவுக்கு வரும்போது உன் பெட்டியைத் திறந்தால் வருமே, குளிர்தேசத்துச் சோப்பும் கம்பளியும் கலந்த அதே வாசனை. ஜெபமாலை, மூக்குக்கண்ணாடி, சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிச் சட்டை. சட்டைக்குள் பத்திரமாகச் சுற்றியிருந்தது ஒரு பீங்கான் கப்பு. கைப்பிடி கொஞ்சம் கோணல். அடியில் நீலப் பெயின்ட்டில் ஒரு பொட்டு, பாதி தேய்ந்துபோய். கப்புக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். காகிதத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கப்பு நம் ஊர்ச் சூளையில் வெந்து, ஆஸ்திரியா வரைக்கும் போய், மறுபடியும் நம் ஊருக்கே வந்திருக்கிறது. எங்கேயும் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நீலப் பொட்டு உனக்கும் தெரிந்ததுதான். மடத்தில் சேர்வதற்கு முன் ஒரு வருஷம் நீயும் என்னோடு பீங்கான் பட்டறைக்கு வந்தவள். சூளை பிரித்ததும் கோணல், வெடிப்பு, பொத்தல் எல்லாவற்றையும் நாம்தான் பொறுக்கி அடியில் பொட்டு வைப்போம். பொட்டு விழுந்த சரக்கு நல்ல சரக்கோடு சேரக் கூடாது. நீ கன்னியாஸ்திரியாகி வெளிநாடு போனாய். நான் இங்கேயே பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும் அல்லவா. கல்யாணப் பேச்சு ரெண்டு தடவை வந்து, அதைக் காரணம் காட்டியே திரும்பிப் போயிற்று.

பன்றிக் காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவிய வருஷம் அம்மா ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து நீ போன் செய்வாய். போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் காதோரம் தலையணையில் வைத்துவிட்டு நான் அவளுடைய மூத்திரத் துணியை அலசப் போவேன். நீ பேசுவது கொல்லைப்புறம் வரை கேட்கும்.

"மாட்டுக்கெல்லாம் தலையில பூ வெச்சு, கழுத்துல இம்மாம்பெரிய மணி கட்டி மலையிலேர்ந்து கீழ ஓட்டியாறாங்கம்மா. நம்மூரு மாட்டுப் பொங்கல் தோத்துடும். சனம் ரோட்டோரம் நிக்குது. ஆனா இந்த வருஷம் காய்ச்சலுக்குப் பயந்துகிட்டு ஒருத்தரும் ஒருத்தருக்குக் கை குடுக்கல."

இன்னொரு ஞாயிறு, கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டி காய்ந்து கிடக்கிறது என்றாய். அதில் ஆளாளுக்கு விரல் வைப்பதால் தண்ணீரையே எடுத்துவிட்டார்களாம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கை பிடிக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறார்களாம். பஸ்ஸில் ஒருத்தர் இருமினால் அடுத்த ஸ்டாப்பில் பக்கத்து சீட்டு காலியாகிறதாம். வீட்டுச் சுவரோரம் குளிருக்கு விறகை அடுக்கி வைத்திருக்கிறார்களாம், ரேஷன் கடையில் மூட்டை அடுக்கின மாதிரி. நாலு மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுமாம். "காலையில எழுந்து பாத்தா, மலையில பனி நேத்தைக்கு இருந்ததைவிட ஒரு மரம் அளவு கீழ எறங்கியிருக்குதும்மா."

அம்மாவுக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது. பக்கத்தில் நிற்கிற என் முகம் தெரியாது. நீ சொல்கிற பனி மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கஞ்சி கொடுக்க வந்த பக்கத்து வீட்டு லூர்துமேரியிடம், "எங்க சிஸ்டரு இருக்குற ஊர்ல இப்ப பனி எறங்குது" என்பாள். அந்தக் கஞ்சியை அவளுக்கு ஊட்டி, வாய் துடைத்து, புரட்டிப் படுக்க வைப்பவள் நான். என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, நான் வீட்டில்தானே இருக்கிறேன்.

நவம்பரில் ஒரு நாள் நீ வேலை பார்த்த முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொன்னாய். அது என்னிடமே சொன்னது. "சளி இருமலோட வர்ற சொந்தக்காரங்களை உள்ள வுடக்கூடாதுன்னு உத்தரவு பாப்பா. ஆனா நாங்க தோட்டத்துப் பக்கம் ஜன்னலண்ட வந்து நிக்கச் சொல்லுவோம். உள்ளேர்ந்து பெரியவங்கள நாற்காலியோட தள்ளிக்கிட்டுப் போவோம். பனியில நின்னுகிட்டு மவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை வெப்பான். அவங்கம்மா இந்தப் பக்கம் வெப்பாங்க. என்ன ஆனாலும் ஜன்னலையாவது குடுத்துடுவோம்." நாற்பது வயதாகியும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவாய். எனக்கு அது அப்போது எரிச்சலாக இருக்கும்.

டிசம்பர் முதல் வாரம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான்தான் போன் செய்து வரச் சொன்னேன். அதை என் நல்லதனத்தில் சேர்த்துக்கொள்ளாதே, ஊர் என்ன சொல்லுமோ என்று செய்தது.

ஜங்ஷனில் இறங்கி மழையில் ஆட்டோ பிடித்து வந்தாய். வாசலில் இறங்கும்போதே இருமினாய். பேப்பரிலும் டிவியிலும் வேறு செய்தி இல்லாத நாட்கள் அவை. லூர்துமேரி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நீயே படியேறாமல் நின்றுவிட்டாய். "சளிதான்டி. காய்ச்சல் இல்ல. ஊசிகூடப் போட்டுக்கிட்டேன். இருந்தாலும் டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும், அப்புறம் அம்மாகிட்டப் போறேன்." இங்கே உள்ள மடத்துக்குப் போ என்றேன். "இல்லடி, அம்மா பக்கத்துலயே இருக்கேன்" என்று கொல்லைப்புறத்துத் தகர ஷெட்டைக் கேட்டு வாங்கினாய். வைக்கோலும் பட்டறையில் கழித்த கப்புகளும் அடைந்து கிடந்த ஷெட்டு. அடுக்களைக் கதவிலிருந்து இருபது அடி.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். ஊருக்குப் புறப்படுகிறவர் அம்மா முன்னால் முட்டி போடணும், அவள் கட்டைவிரலால் நெற்றியில் சிலுவை இடுவாள். திரும்பி வந்தாலும் அப்படியே. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வரும்போது உள்ளதை வாங்காமல் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன் வாங்கிய போகும் சிலுவையோடு நீ வந்திருந்தாய். வரும் சிலுவை பாக்கி. அதற்காகத்தான் வந்தாய் என்று நீ சொல்லாமலே எனக்குத் தெரியும்.

முதல் டீயைக் கழிவுக் குவியலில் இருந்து எடுத்த கப்பில் கொண்டுவந்து படியில் வைத்தேன். வீட்டுப் பாத்திரத்தோடு சேராமல் இருக்க அடையாளம் வேண்டுமே. நீ கப்பைத் தூக்கி அடியைப் பார்த்தாய்.

"எனக்கு நீலப் பொட்டாடி பாப்பா?"

நான் படியில் சிந்திய டீயைத் துடைத்தேன்.

"அம்மாகிட்ட சிலுவை வாங்காம எப்டி குடிக்கிறது?"

"ஷெட்டு வூட்டோட சேத்தி இல்லக்கா. குடி."

குடித்தாய். இருபது வருஷமாக உன்னிடம் எதையாவது சொல்லிக் காயப்படுத்த வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி எனக்கு அது இனித்தது.

டாக்டர் உன்னைப் பார்த்து, தொண்டையிலிருந்து சளி எடுத்து, ரிப்போர்ட் வரும்வரை அம்மா பக்கம் போக வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டோடு நான் மட்டும் அவரிடம் போனேன். "ஒண்ணும் இல்லைங்க, சாதாரண சளி. தாராளமா உள்ள போய் அம்மாவப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லி, அதையே சீட்டில் எழுதியும் கொடுத்தார். சீட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து மழையில் நடந்தே வந்தேன். வழியில் எந்த இடத்தில் முடிவு செய்தேன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஷெட்டுக்கு வந்தபோது முடிவாகியிருந்தது.

"இன்னும் ஒரு வாரம் தனியா இருக்கணுமாம்."

நீ ஜெபமாலையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாய். "செரி. அம்மாவ ஜன்னலண்டையாவது சாய்ச்சு உக்கார வையேன். நான் வெளியில தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

"ஜன்னல் மழையில உப்பிப்போச்சு. தொறக்க வரல."

அன்று காலையில்தான் அந்த ஜன்னலைத் திறந்து அம்மா வாய் கொப்பளித்த தண்ணீரைக் கொட்டியிருந்தேன்.

காய்ச்சலுக்குப் பயந்தேன் என்று பின்னாளில் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள், எல்லாருக்கும் பயம் இருந்தது. எனக்குப் பயமே இல்லை அக்கா. பொறாமை. ஏழு மாதம் பீயும் மூத்திரமும் அள்ளியவள் நான், கடைசியில் நீ வந்து அந்த முகத்தில் ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு போவதா என்ற ஆத்திரம். ஒரு வாரம் நீ பார்க்காமல் இருந்து பார், எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். அம்மா ஒரு வாரம் தாங்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. சீட்டைச் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

இதுவரைக்கும் நீ அறிந்தது. இனி எழுதுவது நீ அறியாதது.

ஐந்தாம் நாள் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். துணி அலசிவிட்டு ஈரக் கையோடு உள்ளே வந்தேன். அம்மா கண்ணைத் திறந்து நான் நின்ற பக்கம் திரும்பினாள். "சிஸ்டரு வந்துட்டாளா?" என்று கேட்டாள்.

ஷெட்டில் நீ ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது மழைச் சத்தத்துக்கு நடுவே கேட்டது. கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பாய்.

"வந்துட்டேம்மா" என்றேன். உன் குரலில் சொன்னேன். உன்னைப் போலவே கொஞ்சம் இழுத்து.

முட்டி போட்டேன். அவள் கையைத் தூக்க மிகவும் சிரமப்பட்டாள். கட்டைவிரல் நடுங்கி நடுங்கி மேலிருந்து கீழே வர ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரம் ஆயிற்று. குறுக்கே போக இன்னும் ஒன்று. என் கையைத் தடவிப் பார்த்து, "சில்லுன்னு இருக்குது. அந்த ஊரு பனி இன்னும் போவல" என்று சிரித்தாள். ஏழு மாதத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு. அம்மாவின் மனம் ஆறட்டும் என்று செய்ததாக எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் மனம் ஆற நீ இருபது அடியில் இருந்தாய்.

விடிகாலையில் போய்விட்டாள். ஷெட்டுக்கு வந்து கதவைத் தட்டி, "இப்ப வரலாம்" என்றேன். வேறு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. நீ காலில் செருப்பு இல்லாமல் சேற்றில் வந்தாய். அம்மாவின் காலை முத்தமிட்டாய். பிறகு அவள் வலது கையை எடுத்து, கட்டைவிரலை உன் நெற்றியில் வைத்து இழுக்கப் பார்த்தாய். கை விறைத்துப் போயிருந்தது. விரல் பிரியவில்லை. ரெண்டு தடவை முயன்றாய். சுற்றி நின்ற பெண்கள் அழுதார்கள். நான் உன் நெற்றியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏழாம் நாள் பூசைக்கு முதல் நாள் நீதான் வீட்டைக் கழுவி, சுவரில் இருந்த படங்களை எல்லாம் இறக்கித் துடைத்தாய். நீ ஊருக்குப் போன பிறகு நான் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் தேடினேன். சீட்டு இல்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்று நிம்மதியானேன். புறப்படும்போது, "இந்தக் கப்ப எடுத்துக்கறேன் பாப்பா" என்றாய். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போகும் சிலுவை இட ஆள் இல்லாமல் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு ஆட்டோவில் ஏறினாய்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் போன் செய்தாய். காய்ச்சல் ஓய்ந்து தொட்டியில் மறுபடி தீர்த்தம் ஊற்றிவிட்டார்கள் என்றாய். பனி உருகி ஆறு பச்சையாக ஓடுகிறது என்றாய். "சாப்ட்டியாடி? முட்டி வலி எப்டி இருக்குது?" வருஷக்கணக்கில் இதே பேச்சு. அந்த ஜன்னலைப் பற்றி மறுபடி ஒரு நாளும் சொன்னதில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

கப்புக்குள் இருந்த காகிதம் அந்தச் சீட்டுதான். மடிப்பில் மஞ்சள் பாரித்திருக்கிறது. டாக்டர் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. நீ அதில் ஒரு எழுத்தும் எழுதவில்லை. இத்தனை வருஷம் இதைக் கையில் வைத்துக்கொண்டா என் முட்டி வலியை விசாரித்தாய்? ஒரு தடவை திட்டியிருக்கலாம். திட்டினால் நான் அதோடு தீர்ந்திருப்பேன். மன்னித்தாயா, தண்டித்தாயா என்று தெரியாமலே என்னை விட்டுப் போயிருக்கிறாய்.

உன்னை அடக்கம் செய்வதற்கு முன் மடத்திலிருந்து ஒரு தமிழ் சிஸ்டர் போன் செய்தார். "பெட்டிய மூடப் போறோங்க. வூட்டு சார்புல எதுனா செய்யணுமா? உங்க வழக்கம் எதுனா இருந்தா சொல்லுங்க, நாங்க செய்யறோம்."

கட்டைவிரலால் அவள் நெற்றியில் ஒரு சிலுவை போடுங்கள், அவள் அம்மா கொடுத்தனுப்பியது என்று சொன்னால் போதும். இரண்டு விநாடி வேலை. வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. ஏன் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று இருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர், மூடிடுங்க" என்றேன்.

உன் சிலுவை என் நெற்றியில்தான் இருக்கிறது அக்கா.