இரண்டு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே வந்தது அந்த வாசனைதான். பல் செட் செய்யும்போது பொடியோடு கலப்பாயே, மூக்கைத் துளைக்கும் அந்தத் திரவத்தின் வாசனை. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து, "ஏன்டி இவ்வளவு லேட்டு" என்று திட்ட வாயைத் திறந்துவிட்டேன். வாசலில் உன் அம்மா. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது நம் கம்ப்யூட்டரை. அதன்மேல் நீ லேபிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த பச்சைத் துண்டு.

"இந்த வாரம் உன் முறைதானே கண்ணு? ரொம்ப நாளா அங்கயே கெடக்குது. நீயும் வந்து கேக்கல."

எந்த வாயால் கேட்பேன், நீயே சொல். சர்ச்சில் உன் நினைவுப் பூசை முடிந்து உங்கள் ஜீவனஹள்ளி வீட்டில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அது உன் மேஜைமேல் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது. பாதி என்னுடையது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காய்ச்சலுக்கு மகளைப் பறிகொடுத்தவரிடம் போய், "ஆன்ட்டி, என் பாதி" என்று கேட்க முடியுமா? இனி அது என் வீட்டுக்கு வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் ஜோகுபாளையம் திரும்பினேன்.

ஆன்ட்டி உட்காரவில்லை. நான் ஒயர்களைச் சொருகுவதைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாயங்காலமானா ஒரு குதிரை ஓடுற சத்தம் கேக்கும்ல, அவ ரூம்ல. இப்ப வூடு கம்முனு இருக்குது. எனக்கு அதைப் போடத் தெரியல. நீ ஒரு தடவ போட்டுக் காட்டுறியா?"

பட்டனை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றியது. சின்ன விளக்கு எரிந்தது. திரை கருப்பாகவே இருந்தது.

"வருமா?" என்றார்.

"வரும் ஆன்ட்டி," என்றேன். நிறுத்தி மறுபடி அழுத்தினேன். அதே விசிறி, அதே விளக்கு, அதே கருப்பு. அந்தக் குதிரை இதற்குள் மட்டும்தான் இருக்கிறது. நாம் விளையாடியதை வேறு எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. பெட்டி போனால் குதிரையும் போச்சு, நீ அதில் விட்டுவைத்திருப்பதெல்லாமும் போச்சு.

இந்தக் கருப்புத் திரையை நாம் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா?

அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டலில்தான் நீ எனக்குக் கிடைத்தாய். மதிய வேளை. தண்ணீர் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்து, யாரோ அந்தக் குதிரை விளையாட்டை ஆடும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நின்று தட்டை வழித்துக்கொண்டிருந்தவள், முன்பின் தெரியாதவள், "அந்தப் பக்கம் போவாங்க பாரு, பாலம் உடைஞ்சிருக்கும்," என்றாய். பாலம் உடைந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்க ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டால், "எங்க? நானும் வீடியோதான்," என்று சிரித்தாய். முப்பது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள், அடுத்தவர் ஆடுவதைப் பார்த்தே பாதி விளையாட்டை மனப்பாடம் செய்திருந்தோம். நான் ஒரு ஆபீசில் சம்பளக் கணக்குப் போடுகிறவள், நீ லேபில் பல் செய்கிறவள். நம் இருவர் வீட்டிலும் கேட்டால் அடிக்க வராத குறையாகச் சிரிப்பார்கள்.

ஒரு கம்ப்யூட்டர் வாங்கும் வசதி உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. சேர்ந்து வாங்கலாம், ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்ற யோசனை உன்னுடையது. திரை மட்டும் ஆளுக்கொரு பழையது வைத்துக்கொண்டு, வாராவாரம் ஞாயிறு பூசை முடிந்ததும் பெட்டியை ஆட்டோவில் மாற்றிக்கொள்வது. இதைக் கேட்டு நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நாம் போட்ட சண்டையை ஒரு கல்யாணத்துக்குக்கூட யாரும் போட்டிருக்க மாட்டார்கள். எனக்குக் கண்ணாடிக் கதவும் கலர் விளக்கும் வைத்த பெரிய கேபினெட் பெட்டி வேண்டும். "அதைத் தூக்கிட்டு ஆட்டோல நீ வருவியா?" என்று கேட்டு என் வாயை அடைத்தாய். சின்னதாக, மேலே கைப்பிடி வைத்ததைத்தான் எடுக்க வேண்டும் என்றாய். பிராசசரில், தானே படம் காட்டும் வசதி இல்லாத மலிவான ரகத்தைத் தேர்ந்தெடுத்தோம். படம் காட்டத்தான் கிராபிக்ஸ் கார்டு வருகிறதே, ஒரு வேலைக்கு இரண்டு பேருக்கா கூலி என்பது உன் நியாயம். ராம் மெமரி இப்போதைக்கு ஒன்று போதும். கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ் பெட்டியில் மட்டும் மலிவானதைத் தொட விடவில்லை. "வேற எதுல வேணா கஞ்சத்தனம் பண்ணு. இது போச்சுன்னா போவும்போது எல்லாத்தையும் கூட்டிட்டுப் போவும்," என்றாய். மிச்சம் பிடித்ததையெல்லாம் கார்டில் கொட்டினோம். எஸ்.பி. ரோட்டில், ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்த கடையில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய, மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு. அதைக் கையில் வாங்கியபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிரசவ வார்டில் பிள்ளையை வாங்குகிற அத்தை தோற்றாள்.

"ரிட்டர்ன் ஆகல்லா மேடம்," என்றார் கடைக்காரர், பாதி கன்னடத்தில். "செகண்ட்ஹேண்டு. இங்கேயே ஓட்டிக் காட்றேன், நோட்கோங்க, பாத்துக்கோங்க. அப்புறம் வாபஸ் கேக்கக் கூடாது." ஓடியது. "கேபினெட்ல உக்காருமா?" என்று நான் கேட்டேன். நீ கார்டைக் கேபினெட்டின் வெளிப்பக்கம் வைத்துப் பார்த்து, "தாராளமா," என்றாய்.

என் வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் அரை விரல் நீளம் அதிகம். பல்லுக்கு முடியளவு பார்க்கிறவள், இரும்புப் பெட்டிக்கு வெளிப்பக்கம் அளந்திருக்கிறாய்! உள்ளே ஹார்டு டிஸ்க் வைக்கும் தகடு ஒன்று குறுக்கே நின்றது. கார்டின் வால் அதில் போய் இடித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் சண்டை போட்டு, வீட்டில் பேச்சு வாங்கிச் சேர்த்த பணம் மொத்தமும் ஒரு தகட்டில் இடித்துக்கொண்டு நின்றது. நீ என்ன சொன்னாய்? "கார்டு சரியாதான் இருக்குது. கேபினெட்டுதான் குட்டை." கொன்றுவிடலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த நாளே காலிக் கேபினெட்டை லேபுக்குத் தூக்கிக்கொண்டு போனாய், என்னையும் இழுத்துக்கொண்டு. சாப்பாட்டு நேரம், முதலாளி வெளியே போயிருந்தார். பல்லைத் தேய்க்கும் அந்தச் சின்ன மோட்டாரில் வெட்டும் வட்டைப் போட்டுத் தகட்டில் வைத்தாய். கீச்சென்ற சத்தம், தீப்பொறி. நான் வாசலைப் பார்ப்பதும் உன் விரலைப் பார்ப்பதுமாக நின்றேன். கேபினெட் கெட்டாலும் போச்சு, மோட்டார் கெட்டால் உன் வேலையும் போச்சு. தகடு கழன்று விழுந்த அதே நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த இரும்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யாரோட தாடைம்மா இது?" என்றார்.

நான் செத்தேன் என்று நினைத்தேன். நீ நிமிரக்கூட இல்லை. "எங்க ரெண்டு பேரோடதும் சார்," என்றாய். அவர் கண்ணாடியை எடுத்து உன் பக்கம் நீட்டி, "கண்ணுல தூள் பட்டுரும், போட்டுக்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டியதோடு நீ விடவில்லை. வெட்டிய விளிம்பை ஒவ்வொரு உருளையாக மாற்றித் தேய்த்தாய். "நாக்கு பட்டாக்கூடத் தெரியக் கூடாது," என்றாய். கேபினெட்டை யார் நக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். தேய்த்துக்கொண்டேதான் இருந்தாய்.

அன்று மாலை எல்லாவற்றையும் பூட்டிப் பட்டனை அழுத்தியபோது வந்ததுதான் அந்த முதல் கருப்புத் திரை. இரும்புத் தூள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து மதர்போர்டைச் சுட்டுவிட்டது என்று நான் அழுதேவிட்டேன். நீ திடீரென்று எழுந்து பெட்டியின் பின்னால் போய், "எருமை, ஒயரை எங்க சொருகியிருக்கே பாரு," என்று கத்தினாய். படமே காட்டத் தெரியாத பிராசசரை வாங்கிவிட்டு, திரையின் ஒயரைக் கார்டில் சொருகாமல் போர்டில் சொருகி வைத்திருந்தோம். நான் மட்டும் எருமை இல்லை, நீயும்தான் ஒயரை எடுத்துக் கொடுத்தாய்.

அதனால் போன ஞாயிறு முதலில் அந்த ஒயரைத்தான் பார்த்தேன். சரியான இடத்தில்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. சரிபார்க்க வேறு எதுவும் தெரியவில்லை. இதையெல்லாம் கேட்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குப் போன் போட முடியாது. உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? "போயிட்டியே, ஒண்ணும் சொல்லிக் குடுக்காம போயிட்டியே" என்று மனதுக்குள் கத்தினேன்.

"நான்தான் ஏதாச்சும் ஒடச்சிட்டேனா?" என்றார் ஆன்ட்டி. குரல் உள்ளே போயிருந்தது. "ஆட்டோ வேற தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

ஆட்டோ. சட்டென்று நீ ஆட்டோவில் உட்காரும் விதம் கண்ணுக்குள் வந்தது. கேபினெட்டுக்கு அழகாகக் கைப்பிடி இருந்தும் ஒருநாளும் அதை நிற்க வைத்து நீ கொண்டுவந்ததில்லை. யார் முறையானாலும் நீயே மடியில் குறுக்கே படுக்க வைத்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் வரும்போதும் பெட்டிக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு வருவாய். பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வேன். "கார்டு கனமா இருக்குதுல்ல? நிக்க வெச்சா தொங்கும்டி. படுக்க வெச்சா அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்," என்பாய்.

"எப்படி வெச்சு எடுத்துட்டு வந்தீங்க ஆன்ட்டி?"

"கால் நடுவுல நிக்க வெச்சுக் கெட்டியா புடிச்சிக்கினேன். தப்பா கண்ணு?"

"தப்பில்ல ஆன்ட்டி. அதுக்கு நிக்கப் பிடிக்காது, அவ்ளோதான்."

கரண்டை நிறுத்திவிட்டுப் பக்கக் கதவைக் கழற்றினேன். கார்டின் வால் இறங்கித் தொங்கியது. மறுமுனை அதன் பொந்திலிருந்து லேசாக வெளியே வந்திருந்தது. தூசித் தடுப்பு வலையைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. கொடுப்பதற்கு முன்னால் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நம் ஒப்பந்தம். காய்ச்சல் வருவதற்கு முன்பே என் முறைக்கு எல்லாம் செய்து வைத்துவிட்டாய். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஆன்ட்டிக்குத் தெரியக் கூடாதென்று தலையைக் கேபினெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கார்டை நிமிர்த்தி அழுத்தும்போது என் விரல் நீ வெட்டிய விளிம்பில் போய் நின்றது. நாக்கு பட்டாலும் தெரியாதுதான். டக்கென்று கார்டு உட்கார்ந்தது.

பட்டனை அழுத்தும்போது ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். திரை வெளுத்தது.

விளையாட்டில் நம் வில்லாளி பனிமலை அடிவாரத்தில், நீ விட்ட இடத்தில் நின்றாள். நாம் இரண்டு பேரும் ஒரே ஆளாகத்தான் ஆடினோம், அவளை மாற்றி மாற்றி. நான் பார்த்துப் பார்த்துச் சேர்க்கும் அம்புகளை நீ ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டுக் கொடுப்பாய். ஒருமுறை ஏதோ ஒரு உதவாக்கரைக் கேடயத்துக்காகக் குதிரையையே விற்றுவிட்டாய். அதிலிருந்து, பெட்டியை வாங்க வந்து உன் வீட்டு கேட்டில் என் ஆட்டோ நின்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "குதிரை இருக்கா?" என்பதுதான். அதைத் தெரு முழுக்கக் கேட்கும்படி நான் கத்துவதும், நீ நாக்கைத் துருத்துவதும் என் ஒவ்வொரு முறைக்கும் நடக்கும்.

குதிரை இருந்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். பனியில் அதன் குளம்புச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. ஆன்ட்டி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மலையேறவும் விடவில்லை, சண்டைக்குப் போகவும் விடவில்லை. "சும்மா ஓட்டு கண்ணு," என்றார். கிளம்பும்போது கதவருகில் நின்று, "அடுத்த வாரம் எங்க முறைதானே?" என்று கேட்டார். நீயே வைத்துக்கொள், உன்னிடமே இருக்கட்டும் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிக் கேட்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத்தான் புரியும்.

இந்த வாரம் ஒரு அம்புகூடச் செலவழிக்கவில்லை. நேற்றுத் தூசி வலையைச் சுத்தம் செய்தேன். பச்சைத் துண்டைத் துவைக்கவில்லை, துவைக்கவும் போவதில்லை. இன்று பூசை முடியும் நேரம் பார்த்து ஆட்டோ பிடித்தேன். மடியில் குறுக்கே படுக்க வைத்து, வழியெல்லாம் ஸ்பீடு பிரேக்கர் வரும்போது பெட்டிக்கு அடியில் கை கொடுத்துக்கொண்டே போனேன். கனம் அதிகம்தான். வாராவாரம் இந்தக் கனத்தை மடியில் வைத்துக்கொண்டா சிரித்தபடி வந்து இறங்கினாய்?

ஜீவனஹள்ளியில் ஆட்டோ நின்றது. உன் அம்மா பூசைக்குக் கட்டிய சேலையோடு கேட்டிலேயே காத்திருந்தார். நான் இறங்குவதற்குள் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல்:

"குதிரை இருக்குதா?"

"இருக்கு ஆன்ட்டி," என்றேன்.

அவர் இரண்டு கைகளையும் தட்டையாக நீட்டினார். அதைப் படுக்க வைத்தே கொடுத்தேன்.