ரீவிக்கு நாலு பங்கு

1983 ஜனவரி 10, திங்கள்

பஸ்ஸில் இன்றைக்கும் இடமில்லை. நிந்தவூரிலிருந்து கல்முனை வரை ஒரு மீன்கூடையோடு தோள் உரசி வந்தேன்.

நான் வேலை செய்யும் கல்விக் கந்தோரில் ஒரு புதினச் செய்தி. காலையில் விஞ்ஞானப் பாடத்தை ரீவியில் போடப் போகிறார்களாம், தமிழிலும். எங்கள் வட்டாரத்து நாலு பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து ஒரேயொரு ரீவி. நாலிலும் கரண்ட் இல்லை என்பதால் ஒரு ஜெனரேற்றர். உயரக் கம்பத்தோடு ஓர் அன்ரனா. வைத்துப் பூட்ட ஓர் அலமாரி. மார்ச் முடிவதற்குள் ஓடாவிட்டால் எல்லாம் அம்பாறை மாவட்டக் கந்தோருக்குத் திரும்ப வேண்டும். எண்ணெய்ச் செலவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாட்டைத் தருகிறோம், வைக்கோலை நீங்கள் பாருங்கள்.

எங்கள் கல்வி அதிகாரி ஸமட் சேர் திட்டம் எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார். "ஸம்ஸியா, நீங்கதான் வாய் கூடின ஆள். நீங்களே எழுதுங்க."

ஒரு பக்கத்தில் முடித்தேன். பிள்ளைகள் அதிகம் உள்ள இடம் பெரிய பள்ளிக்கூடம். எல்லாம் அதற்கே. பெரிய கிளாக்கர் வல்லிபுரம் அண்ணன் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரி தங்கச்சி. ஊரத்தான் இதில காணயில்ல."

ஜனவரி 20, வியாழன்

கூட்டம். நாலு பள்ளிக்கூடத்து அதிபர்களும் பெற்றோர் சங்கங்களும். நடுவில் மீராமுகைதீன் மரைக்கார். பள்ளிவாசலில் தன் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, பொறுப்பான ஆள், வயல்காரர். அவர் தலையாட்டாமல் இந்த ஊரில் ஒரு கதிரையும் இடம் மாறாது.

என் திட்டத்தை வாசித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கந்தூரிக்கு மாடு ஒண்டு அறுத்தா ஒரு குடிக்கு மட்டும் பங்கு வைக்கிறயா மகள்?"

"ரீவிய அறுக்கேலாது மரைக்கார்."

"அறுக்கச் சொல்லல்ல. சாமான் நாலு வந்திருக்கு. பள்ளிக்கூடமும் நாலு. அல்லா கணக்குப் பாத்துத்தான் அனுப்பியிருக்கான்."

எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். ஸமட் சேர் கூரை முகட்டைப் பார்த்தார். பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் குடிக்குக் குடி பங்கு போகும், மரைக்கார் கையால். ஒரு பங்கு குறைந்தால் அடுத்த தலைமுறைக்கும் கோபம். சரி, அது இறைச்சி. இது மிசின் இல்லையா? ஒன்றில்லாமல் ஒன்று ஓடாது என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் பிளேன்ரீ வந்துவிட்டது.

பெப்ரவரி 8, செவ்வாய்

லொறி வந்தது. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினார்கள்.

ரீவி பெரிய பள்ளிக்கூடத்துக்கு. ஜெனரேற்றர் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு. அன்ரனா சந்தைப் பள்ளிக்கூடத்துக்கு. மிஞ்சியது அலமாரி. அது வயல்கரைப் பள்ளிக்கூடத்துக்கு. அதன் அதிபர் ஸாலிஹா ரீச்சர் சண்டைக்கு நிற்கவில்லை.

"கொம்பும் குளம்பும் எனக்கு," என்று சிரித்துவிட்டு அலமாரியை வைக்கோல் ஏற்ற வந்த மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

பெப்ரவரி 9

உம்மா கேட்டா: "ரீவியில படம் தெரியுதா?" ஊரின் படம் நல்லாத் தெரியுது உம்மா.

மார்ச் 1, செவ்வாய்

அறிக்கை எழுத நாலு பள்ளிக்கூடத்துக்கும் போனேன்.

பெரிய பள்ளிக்கூடத்து ரீவி அதிபரின் வீட்டில். மேலே பின்னல் விரிப்பு, அதன் மேலே பிளாஸ்ரிக் பூ. "பிள்ளைகள் கை வெச்சாப் பழுதாப்போகும்." அவருடைய பிள்ளைகள் அதற்கு முன்னால்தான் சாப்பிடுகிறார்கள். ஒன்றுமே தெரியாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

கடற்கரையில் ஜெனரேற்றர் இல்லை. கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறது. "நாளைக்கு வரும். இல்லாட்டி நாளண்டைக்கு. மற்றப் பக்கமும் ஒரு கலியாணம் இருக்கு."

சந்தையில் அன்ரனாவை முற்றத்தில் நட்டே விட்டார்கள். "ஊரிலயே இதுதான் உயரம்," என்றார் அதிபர். உச்சியில் ஒரு காகம். அது மட்டும் கொழும்பைப் பார்க்கிறது.

கடைசியாக வயல்கரை. மண்சுவரும் கிடுகுக் கூரையுமாகக் கொட்டில் இரண்டு. அலமாரிக் கதவு இரண்டிலும் கறுப்புப் பெயின்ற். அதில் மின்சுற்று ஒன்று வரைந்திருந்தது. பழைய கரும்பலகையைக் கறையான் தின்றுவிட்டதாம்.

"விஞ்ஞானத்துக்கு ஆள் இல்ல. நான் பூமிசாஸ்திரம் படிச்ச ஆள்," என்றார் ஸாலிஹா ரீச்சர். "புத்தகத்த அப்பிடியே வாசிக்கிறன். கேள்வி கேட்டா மணியடிச்சிருவன்."

டிசம்பரில் பதினொரு பெண்பிள்ளைகள் ஓ.எல். பரீட்சை எழுதுகிறார்கள். விஞ்ஞானத்தில் தவறினால் அதற்கு மேலே படிப்பில்லை. வீட்டில் அடுத்த கிழமையே மாப்பிள்ளை பார்ப்பார்கள். சுஹறா என்ற பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "மிஸ், இதுக்குள்ள வைக்கிற சாமான் எப்ப வரும்?"

என் திட்டத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர்கூட இல்லை. பிள்ளைகள் குறைவு என்று அடித்துவிட்டேன். கணக்கு சரிதான். கணக்கு மட்டும் சரி.

மார்ச் 3, வியாழன்

எழுதினேன்: "வழங்கப்பட்ட நாலு பொருட்களில் கல்விக்குப் பயன்படுவது அலமாரி மட்டுமே."

ஸமட் சேர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "இத அனுப்பினா நாளைக்கே லொறி வரும். எல்லாம் நல்லா நடக்குது எண்டு எழுதுங்களன்."

"அப்ப கலியாண வீட்டையும் எழுதவா சேர்? நல்லா நடந்ததாம்."

வெளியே வந்து வல்லிபுரம் அண்ணனிடம் கொட்டினேன். லொறி வரட்டும், கொண்டுபோகட்டும், இந்த ஊருக்கு அதுதான் சரி. அவர் பென்சில் சீவிக்கொண்டே கேட்டார். "கொண்டு போனா ஆருக்கு நட்டம்? மரைக்காருக்கா?"

அறிக்கையை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். பொய் எழுதினால் சாமான் பூவுக்குக் கீழே கிடக்கும். உண்மை எழுதினால் அம்பாறைக் களஞ்சியத்தில் கிடக்கும். இரண்டிலும் அந்தப் பிள்ளைகளுக்கு அலமாரிக் கதவுதான்.

மார்ச் 7

மூன்றையும் ஓரிடத்தில் சேர்க்கக் கேட்டுப் பார்த்தேன். பெரிய பள்ளிக்கூடம்: "நாங்க ஏன் கடற்கரைக்குப் போற?" கடற்கரை: "அவங்கள வரச் சொல்லுங்க." சந்தை: "நட்டத புடுங்கேலாது." வளர்ந்த ஆம்பிளைகள்.

மார்ச் 9, புதன்

கதிரறுத்து நெல் சூடடிக்கிற காலம். மரைக்காரைத் தேடி அவருடைய களத்துக்கே போனேன். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, வரப்பு வழியே. சண்டை பிடிக்கத்தான் போனேன். நெற்குவியலுக்குப் பக்கத்தில் அவர் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். இது காணிக்காரனுக்கு, இது செய்கைக்காரனுக்கு, இது பள்ளிவாசலுக்கு, இது ஏழைகளுக்கு. பார்த்துக்கொண்டே நின்றேன். சண்டை மறந்துபோச்சு.

"மரைக்கார், கந்தூரிப் பங்க வேற ஆளுக்குக் குடுக்கலாமா?"

"தன்ட பங்கு. தாராளமாக் குடுக்கலாம்."

"அடுத்த குடிக்கு?"

"அவன் ஏன் வாங்கப் போறான்? வாங்கினாச் சிறும."

"ஏழைக்கு?"

ஒரு பிடி நெல்லை அள்ளி ஊதினார். பதர் பறந்தது.

"வயல்கரையையா சொல்லுற?"

"நான் சொன்னா ஒருத்தரும் அசையமாட்டாங்க. நீங்க ஏழைக்குக் குடுக்கிற சதக்கா எண்டு சொன்னா மூணு பேரும் முந்துவாங்க."

"எண்ணெய்க்கு?"

"அதத்தான் இப்ப அளந்துக்கிட்டு இருக்கிறீங்க."

சிரித்தார். "உன்ட உம்மா எந்தக் குடி புள்ள?"

சொன்னேன்.

"அதான் பாத்தன். வாய்."

மார்ச் 11, வெள்ளி

ஜும்ஆவுக்கு ஆம்பிளைகள் எல்லாம் போய்விட்டார்கள். கந்தோரில் நானும் வல்லிபுரம் அண்ணனும். தொழுகை முடிந்து ஒலிபெருக்கியில் மரைக்காரின் குரல். வயல்கரை ஏழைப் பிள்ளைகளுக்கு சதக்கா செய்கிறவர்களுக்கு அல்லா பரக்கத் செய்வானாம். களத்தில் எல்லாரும் ஒரு படி நெல் கூட அளக்க வேண்டுமாம், ஜெனரேற்றர் எண்ணெய்க்கு.

"உங்கட சொல்லு பெரிய சத்தமா வருது தங்கச்சி."

சந்தோஷப்பட வேண்டியவள் நான். முடியவில்லை. அரசாங்கம் நாலு பேருக்கும் பொதுவாகத் தந்தது. சீட்டில் பறித்தார்கள். பறித்ததை இப்போது தானமாகக் கொடுக்கிறார்கள், நன்மையும் எழுதிக்கொள்கிறார்கள். சுஹறாவின் உரிமைக்குப் பிச்சை என்று பெயர் வைத்தது ஆர்? நான்தானே. வேறு வழி இருந்ததா? இல்லை. இல்லாததுதான் எரிச்சல்.

மார்ச் 21, திங்கள்

பெருநாள் மாதிரி. யார் முதல் என்று போட்டி. கடற்கரை ஆட்கள் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு ஜெனரேற்றரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பெரிய பள்ளிக்கூடம் ரீவியோடு பின்னல் விரிப்பையும் அனுப்பியது, பூவை மட்டும் அனுப்பவில்லை. சந்தை ஆட்கள் நட்டதைப் பிடுங்கிவந்து இங்கே இன்னும் ஆழமாக நட்டார்கள்.

ஒவ்வொருவரும் ஒரு பலகையும் கொண்டுவந்தார்கள். "அன்பளிப்பு" என்று தொடங்கி சங்கத் தலைவரின் வாப்பாவின் பெயர் வரைக்கும். முதல் பலகை தட்டு அளவு. அதைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஆள் ஓடிப்போய் அதைவிடப் பெரிதாக எழுதிவந்தார். சந்தைக்காரருடையது கதவு அளவு. மூன்றையும் சுவரில் வரிசையாக ஆணி அடித்தார்கள். அரசாங்கத்தின் பெயர் எங்குமே இல்லை. அதற்காக நான் அழப்போவதில்லை.

ஜெனரேற்றர் இருமி இருமிப் பிடித்தது. முதலில் மழை மாதிரி. பிறகு சிங்களத்தில் ஒரு பாட்டு. பிறகு தமிழில் ஒருவர், கையில் மின்குமிழோடு. பதினைந்து நிமிஷம் ஒரு பிள்ளையும் இருமவில்லை. வெளியே நின்ற மரைக்கார் மட்டும், "இவரு எந்த ஊராள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 24

அம்பாறையிலிருந்து ஆள் வந்தார், பார்த்தார், போனார். சாமான் இங்கேதான்.

மே 17, செவ்வாய்

வயல்கரைக்குப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை, சும்மா. உள்ளே ரீவி வைத்திருப்பதால் அலமாரிக் கதவு பாட நேரம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. அப்படியானால் எழுதுவது எதில்?

சுவரில் மூன்று கரும்பலகைகள். ஒன்று சிறியது, ஒன்று அதைவிடப் பெரியது, ஒன்று கதவு அளவு. கதவு அளவானதில் சுஹறா சுற்று வரைந்துகொண்டிருந்தாள். ஸாலிஹா ரீச்சர் இப்போது மணியடிப்பதில்லை. தெரியாவிட்டால், "நாளைக்கு அந்த மனிசன் சொல்லுவார், பொறுங்க," என்கிறார்.

"மரைக்கார் வந்து பேரக் கேட்டா?" என்றேன்.

"பேர் பத்திரமா இருக்கு புள்ள," என்றார் ரீச்சர், சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு. "சுவர் பக்கமா."