விட்டுப்போன பெயர்

ஜனவரி 8

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? நம் நாட்டுப் பொதுத்தேர்வை இங்கிருந்தே எழுதப்போகும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியில் ஒட்டிவிட்டார்களாம். வகுப்பில் என் மகள் பெயர் மட்டும் இல்லையாம். தூதரகத்திலிருந்து அவள் பிறப்புச் சான்றிதழ் வரவில்லை என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னாள். எங்கள் கவனக்குறைவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள். "டீச்சர் எப்படியாவது சேத்துடுவாங்கம்மா" என்று எனக்கே ஆறுதல் சொல்கிறாள். உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

சலவைக்கூடத்தில் வேலை செய்யும்,
உங்கள் மாணவியின் அம்மா

ஜனவரி 10

அன்புள்ள அக்கா,

கடிதத்தை உங்கள் மகள் கொடுத்தாள். இப்போது நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் எழுதட்டும். ஒரு வருஷம் ஓடியே போய்விடும். வகுப்புக்கு மட்டும் தவறாமல் அனுப்புங்கள். வீணாக அலைந்து லீவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
கணக்கு டீச்சர்

ஜனவரி 17

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நீங்கள் வேண்டாமென்று சொல்லியும் பெற்ற மனசு கேட்கவில்லை. தூதரகத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் அதிகாரி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நவம்பர்லயே குடுத்தாச்சும்மா. உங்க பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க."

எனக்கு வந்ததே கோபம்! "எங்க டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்ல. உங்க தப்பை மறைக்க அவங்க தலையில பழியைப் போடாதீங்க" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அதிகாரி பதிவேட்டை மூடிவிட்டார். உங்கள் பெயரை இப்படி இழுக்கிறார்கள், ஜாக்கிரதை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மாணவியின் அம்மா

ஜனவரி 19

அக்கா,

இதை உங்கள் மகளிடம் கொடுத்தனுப்பத் துணிவில்லை, தபாலில் போடுகிறேன். அது என் கையெழுத்துதான்.

மாதிரித் தேர்வில் அவள் கணக்கில் தேறவில்லை. இந்த வருஷமும் ஒருவர்கூடத் தோற்கக்கூடாது என்றார் தலைமையாசிரியர். அவர் சொன்னது அவ்வளவுதான். சான்றிதழை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியது நான். நீங்கள் எனக்காகச் சண்டை போட்டதைப் படித்ததிலிருந்து, வகுப்பில் அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பள்ளி மூலமாக இல்லாமல் தனித்தேர்வராக எழுத, மாதக் கடைசிவரை தூதரகத்தில் விண்ணப்பிக்கலாம். படிவமும் சான்றிதழும் இதோடு இருக்கின்றன. நீங்கள் அனுமதித்தால் தினமும் வீட்டுக்கு வந்து கணக்குச் சொல்லித்தருகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

கணக்கு டீச்சர்

ஜனவரி 24

டீச்சருக்கு,

தூதரகத்தில் படிவத்தைக் கொடுத்துவிட்டேன். அதே அதிகாரிதான் இருந்தார். தலை நிமிராமல் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்று முத்திரை குத்தினார்.

மகளிடம் மறைக்கவில்லை. உங்கள் கடிதத்தை அவளே படித்தாள். பிறகு, "நான் ஃபெயிலாயிடுவேன்னு தோணியிருந்தா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே, இன்னும் படிச்சிருப்பேனே" என்றாள்.

நீங்கள் வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். "கணக்கு வேற யாரும்மா சொல்லித்தருவா?" என்கிறாள்.

வாருங்கள். மாலை ஐந்து மணிக்கு. சலவைக்கூடத்தில் கேட்டு, நான் மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கதவை அவள் திறப்பாள்.

அவளுடைய அம்மா