துடைத்த கன்னம்

வியாழன், திண்டிவனம்.

பாதிப் படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. எண்ணெய் ஓவியத்தில் முதலில் முகம் முழுவதையும் சாம்பல் நிறத்திலேயே தீட்டி, காய்ந்த பிறகுதான் வண்ணம் ஏற்றுவேன். அதுவரை பிணக்களைதான். இன்று துணி போட்டு மூட மறந்த நேரம் பார்த்து செல்வி வந்து நின்றாள். புருஷன் இறந்து வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு மாட்டத்தான் இந்தப் படம்.

“இன்னும் கலர் ஏத்தலம்மா, பயப்படாத” என்றேன்.

“சிமெண்ட் மூட்டை எறக்கிட்டு வர்றப்ப இப்படித்தாண்ணா இருப்பாரு. நான் தொடச்சி உட்டாத்தான் மூஞ்சியே தெரியும்.”

சொல்லிக்கொண்டே முந்தானையால் படத்தின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். ஈரம் காயாத பெயிண்ட். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். வேறு யாராவது என்றால் கத்தியிருப்பேன்.

பார்த்து வரைய அவள் கொடுத்தது, பவுடர் பூசிய முகத்தோடு அவர் நிற்கும் கல்யாண போட்டோ. “கொஞ்சம் செவப்பா போடுங்கண்ணா” என்று அன்று கேட்டதும் அவள்தான். இன்று போகும்போது நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

கன்னத்தில் முந்தானை இழுத்த தடம் அப்படியே இருக்கிறது. சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். இரண்டு முறை தூரிகையை எடுத்தேன். இரண்டு முறையும் கழுவி வைத்துவிட்டேன்.