அரசி மறந்த வரி

திருகோணமலை
12.8.1944

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்நோவு குறைந்ததா? இங்கே சைரன் ஊதி நெடுநாளாகிறது, பயப்படாதீர்கள்.

வெள்ளிக்கிழமை விடுதியில் நாடகம் போட்டோம். பொறாமையால் தங்கையைக் கெடுத்துத் தானும் அழியும் அரசியின் கதை. அரசியைப் பற்றிய கட்டுரைக்கு எனக்குத்தான் முதற்புள்ளி. வேடமோ என் வகுப்புப் புஸ்பராணிக்கு, அவளுக்கு நீண்ட கூந்தலாம். இருட்டடிப்புக்கு யன்னலில் கட்டிய கறுப்புத் துணியே திரை. அதன் பின்னால் நாடகம் எழுதிய கொப்பியோடு நின்று, மறந்த வரியை எடுத்துக்கொடுப்பது என் வேலை.

கடைசிக் காட்சியில் அவள் வரியை மறந்து என் பக்கம் திரும்பினாள். எனக்கு அது மனப்பாடம். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு வந்து என் கையைப் பிடித்தாள். "பாவம், நீயும் பயந்திட்டியோடி?"

"ஓம்" என்றேன்.

அடுத்த வள்ளத்தில் பனங்கட்டி அனுப்புங்கள். இரண்டு பேருக்குக் காணும் அளவு வேண்டும்.

மணி அடிக்கிறது.

உங்கள் மகள்
தெய்வநாயகி