சேறு அப்பிய துணிகள்

அம்மாவுக்கு,

கும்பிட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

நான் துணி துவைக்கும் இந்த முகாமில், துக்கம் தீர மனிதர்களைக் காட்டுக்குள் கழுத்துவரை புதைத்து மேளம் அடிக்கிறார்கள். எழுந்தவர்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு சளி ஒழுக அழுகிறார்கள். அந்தச் சேறும் சளியும் என் தலையில்தான்.

அப்பா போனதை அறிந்து, முகாமை நடத்தும் பூசாரி நேற்று என்னிடம் வந்தார்.

"இழப்புதான்பா ஆத்மாவுக்கு எரு. நீயும் குழியில இறங்கி அழு. உன்னப் பாத்து மத்தவங்களுக்கும் அழுகை வரும்."

"எங்கப்பா சாவு உங்களுக்குத் தொட்டுக்க ஊறுகாயா?" என்றேன். வேலைக்கு ஆபத்தில்லை, பயப்படாதீர்கள். அழுகை எனக்கு இன்னும் வரவில்லை.

பெரியப்பா மகன் இங்கே வரும்போது அப்பாவின் தோள் துண்டைக் கொடுத்தனுப்புங்கள். மெஷின் நின்றுவிட்டது, போகிறேன்.

துண்டைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகன்