தட்டு உன்னைத் தாண்டிப் போன நாள்

இன்று காலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து உன் வளையல் பெட்டியை எடுத்தேன். திறந்ததும் உன் பவுடர் வாசனை, இத்தனை வருஷம் கழித்தும். ஒரு டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல்கள், ஒன்றுகூட உடையவில்லை. எங்கள் லாபு ஊர்க் கோயில் மண்டபத்தில் என் மகளுக்கு இன்று வளைகாப்பு. இதைத்தான் போடுவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டேன்.

அவளை வயிற்றில் சுமந்து நான் மனையில் உட்கார்ந்த என் வளைகாப்புக்கு, என் சிநேகிதி நீ சிரம்பான் டவுனுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம், உனக்குப் பிள்ளை இல்லை. வளையலும் சந்தனமும் வைத்த தட்டு உன் பக்கம் வந்ததும் என் மாமியார் அதை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, புள்ள. பொம்மை மாதிரி கையை நீட்டிக்கொண்டிருந்தேன். நீ பெட்டியை என் மடியில் வைத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போனாய்.

உன் மாமியார் சொன்ன கோயிலுக்கெல்லாம் போனாய், மண்சோறுகூடத் தின்றாய். கடைசியில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி நாம் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். உன் வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மா, ஒரு கருக்குழாய் அடைத்துவிட்டது, இன்னொன்று தழும்பேறிச் சுருங்கிவிட்டது என்றார். உடலுறவில் தொற்றும் கிருமி, வருஷக்கணக்காக உள்ளே இருந்திருக்கிறதாம். வலி இல்லையே, வெள்ளைப்படுதல்கூட இல்லையே என்று கேட்டாய். பெண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, ஆரம்பத்தில் பார்த்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்றார்.

லோரி ஓட்டும் உன் புருஷனுக்கு அது புதுச் செய்தி இல்லை. கல்யாணமான முதல் வருஷமே, ஒன்றுக்குப் போனால் எரிகிறதென்று டவுன் கிளினிக்கில் மருந்து வாங்கித் தின்று குணமானவர். மனைவியையும் கூட்டி வா என்று அங்கே சொன்னார்களாம், நீ கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டது. நீ சண்டை போடவில்லை. சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டதாக என்னிடம் சொன்னாய்.

"நீங்க மருந்து சாப்பிட்டப்ப என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவர் சோற்றைப் பாதியில் விட்டு லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

பிறகு இருவரும் மருந்து சாப்பிட்டீர்கள். கிருமி போனது, தழும்பு போகவில்லை. நாள் தள்ளிப்போனால் உடனே வா, கரு குழாயிலேயே தங்கிவிடலாம் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மறுவருஷம் நாள் தள்ளியது. மூன்று மாதம் முடியாமல் வெளியே தெரிந்தால் கண்பட்டுவிடும் என்று உன் மாமியார் கிளினிக்குக்கு விடவில்லை. முதல்முறையாக அவர் உன்னைத் தாயே என்று கூப்பிட்டார், அதில் நீயும் மயங்கிவிட்டாய். என்னிடம்கூடச் சொல்லவில்லை, பாவி. ஏழாவது வாரம் குழாய் வெடித்து, மருத்துவமனை போய்ச் சேருமுன் போய்விட்டாய். சாவு வீட்டில் உன்னை மலடி என்றார்கள். அங்கேயும் நான் அழுதேனே தவிரப் பேசவில்லை.

இன்று பேசினேன். எண்பது வயதிலும் குரல் குறையாத என் மாமியார் பெட்டியைப் பார்த்ததும், பிள்ளை பெறாதவள் வாங்கியதை இங்கே ஏன் கொண்டு வந்தாய் என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் உன் புருஷனும் இருந்தார்.

"அவ மலடி இல்ல, அத்தை. புருஷன் கொண்டாந்த நோய், யாரும் அவகிட்ட சொல்லல. அவ்வளவுதான்."

உன் புருஷன் எழுந்து வெளியே போனார். போகட்டும். என் மகள் இரண்டு கையையும் நீட்டி, எல்லாவற்றையும் போடச் சொன்னாள். தூண் ஓரமாக எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நின்றிருந்தாள், கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அவளை முன்னால் கூப்பிட்டு முதல் வளையலைப் போடச் சொன்னேன். அவள் வந்து போட்டாள். "திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போறோம், உன் புருஷனும் வர்றான்" என்று அவள் காதில் சொன்னேன்.

ஒரு வளையலை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். கை தடித்துவிட்டது, சோப்பு போட்டுத்தான் ஏற்றினேன். இனி உடைத்தால்தான் கழலும்.